சுவிஸ் நகரங்களில் மாணவர் செலவில் ஒரு வாரம்: ரயில், ஆறு, சீஸ்

சுவிட்சர்லாந்தில் மாணவர்களின் பணத்தைக் கரைப்பவை முக்கியமாக இரண்டு: கடைசி நேரத்தில் வாங்கும் ரயில் டிக்கெட், மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் இரவுச் சாப்பாடு. பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதிக்குக் கட்டணமே இல்லை. ஆற்றங்கரை, ஏரிக்கரை, பழைய நகரத் தெருக்கள், கோட்டைச் சுவர், பெரும்பாலான தேவாலயங்கள், தெருவுக்குத் தெரு குடிநீர் ஊற்றுகள் எல்லாமே இலவசம். அதனால் எதைப் பார்ப்பது என்பதை அப்புறம் யோசிக்கலாம். எங்கே தங்குவது, எந்த நாளில் ரயில் ஏறுவது என்பதை முதலில் முடிவு செய்துவிட வேண்டும்.

தங்குமிடத்தில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பாசல், பெர்ன், ஜெனிவா, லோசான், லூசெர்ன் ஆகிய ஊர்களில் பதிவு பெற்ற ஹோட்டலிலோ ஹாஸ்டலிலோ ஓர் இரவு தங்கினாலே, தங்கும் நாட்களுக்கு உள்ளூர் டிராமிலும் பஸ்ஸிலும் இலவசமாகப் போகும் விருந்தினர் அட்டை கிடைக்கும். நாம் கட்டும் தங்கல் வரியில் அதன் செலவும் அடங்கியிருக்கிறது. பாசல் அட்டையைக் காட்டினால் அருங்காட்சியகங்களில் பாதிக் கட்டணம்தான். அங்கே வந்து இறங்கும் நாளில் அட்டை கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, முன்பதிவு உறுதிக் கடிதத்தை வைத்துக்கொண்டே தங்குமிடம் வரை டிராமில் போகலாம். சூரிக்கில் இந்த வசதி கிடையாது, அறை வாடகையும் அதிகம். எனவே சூரிக்கைப் பகலில் பார்த்துவிட்டு, பாசலிலும் பெர்னிலும் ஜெனிவாவிலும் இரவு தங்குவதுதான் மாணவர்களுக்குக் கட்டுப்படியாகும்.

ரயிலுக்கு வருவோம். சூரிக்கிலிருந்து பெர்னுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது, ஆனால் ஒருவழி முழுக் கட்டணம் 50 ஃபிராங்கைத் தாண்டும். அங்கே போய் அன்றன்றைக்கு டிக்கெட் வாங்கினால் மூன்றாம் நாளிலேயே கை காலியாகிவிடும். இதற்குச் சரியான வழி 'ஸ்பார்டாகஸ்கார்டெ' என்ற சேமிப்பு நாள் டிக்கெட். பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விற்பனைக்கு வரும். அரைக்கட்டண அட்டை இல்லாதவர்களுக்கு 52 ஃபிராங்கிலிருந்தும், அட்டை உள்ளவர்களுக்கு 29 ஃபிராங்கிலிருந்தும் விலை ஆரம்பிக்கும். நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். அந்த ஒரு டிக்கெட்டிலேயே ரயில், நகர டிராம், பஸ், ஏரிக் கப்பல் எல்லாவற்றிலும் போகலாம், மறுநாள் அதிகாலை 5 மணி வரை செல்லும்.

இதைத் தினமும் வாங்கத் தேவையில்லை. நீண்ட பயணங்களை எல்லாம் ஒரே நாளில் அடுக்கி, அந்த நாளுக்கு மட்டும் வாங்க வேண்டும். மற்ற நாட்களில் விருந்தினர் அட்டையிலேயே ஊருக்குள் சுற்றிவிடலாம். ஒரே ஒரு நீண்ட பயணம் மட்டும் உள்ள நாளுக்கு 'ஸ்பார்பில்லெட்' மலிவாகக் கிடைக்கும், ஆனால் அது குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும். பத்து நிமிடம் தாமதமாக எழுந்து அடுத்த ரயிலில் ஏறினால் அது வெறும் காகிதம்தான். உள்நாட்டு ரயில்களில் இருக்கை முன்பதிவு தேவையில்லை, யாராவது விற்க வந்தாலும் வாங்க வேண்டாம்.

அபராதத்தில் மாட்டிக்கொள்பவர்கள் அநேகமாக இரண்டு காரணங்களால் மாட்டுகிறார்கள். ஓடி வந்து ரயிலில் ஏறி, அது நகர்ந்த பிறகு செயலியில் டிக்கெட் வாங்குவது ஒன்று. ரயில் புறப்பட்ட பிறகு வாங்கிய மின்டிக்கெட் செல்லாது, பரிசோதகரின் கருவியில் வாங்கிய நேரம் நொடி வரை தெரியும். மற்றது, நெரிசலில் தெரியாமல் முதல் வகுப்பில் உட்காருவது. பெட்டியின் கதவருகே பெரிதாக 1 அல்லது 2 என்று எழுதியிருக்கும். பிளாட்பாரத்தில் ஏ, பி, சி, டி எனப் பகுதி பிரித்திருப்பார்கள், எந்தப் பகுதியில் எந்த வகுப்பு நிற்கும் என்பதை அறிவிப்புப் பலகை காட்டும். அதைப் பார்த்து நின்றாலே இந்தப் பிரச்சினை வராது.

ஜெர்மனியில் படிக்கிறவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஜெர்மனி முழுவதும் உள்ளூர் ரயில், பஸ்களில் செல்லும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் பாசலின் 'பாடிஷர் பான்ஹோஃப்' நிலையம் வரை செல்லும். ஊர் சுவிட்சர்லாந்தில் இருந்தாலும் அந்த நிலையத்துக்கு ஜெர்மன் ரயில்வே வருகிறது. அங்கே இறங்கி 2-ஆம் எண் டிராம் பிடித்தால் ஆற்றைத் தாண்டி சுவிஸ் ரயில் நிலையத்துக்கே கொண்டுபோய் விடும். தங்குமிட உறுதிக் கடிதம் இருந்தால் அந்த டிராமுக்கும் காசில்லை. விமானத்தில் பாசலுக்கு வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. விமான நிலையம் பிரெஞ்சு மண்ணில் இருக்கிறது, வெளியேறும் வழி இரண்டு. சுவிஸ் பக்கம் வெளியே வந்தால் 50-ஆம் எண் பஸ் நேராக ரயில் நிலையம் போகும். பிரெஞ்சுப் பக்கம் வந்துவிட்டால் அந்த பஸ்ஸைத் தேடி அலைய வேண்டியதுதான்.

புறப்படும் முன் இரண்டு சின்ன விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும். சுவிஸ் பிளக் மூன்று முள் கொண்டது, பள்ளமான அறுகோண வடிவக் குழிக்குள் போகும். ஒல்லியான இரண்டு முள் செல்போன் சார்ஜர் நுழையும். ஜெர்மனியில் வாங்கிய தடித்த உருண்டைத் தலை லேப்டாப் பிளக் நுழையாது, இந்திய பிளக்கும் நுழையாது. அடுத்தது மொபைல் டேட்டா. ஐரோப்பிய ஒன்றிய ரோமிங் விதி சுவிட்சர்லாந்துக்குப் பொருந்தாது. உங்கள் திட்டத்தில் சுவிஸ் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் எல்லை தாண்டினால், ஒரு வீடியோ பார்த்ததற்கே பெரிய பில் வந்து நிற்கும்.

பாசலில் ஆற்றங்கரைதான் ஊரின் உயிர். ரைன் ஆற்றைக் கடக்க நான்கு படகுகள் ஓடுகின்றன, ஒன்றிலும் இயந்திரம் கிடையாது. கரையிலிருந்து கரைக்குக் கட்டிய கம்பியில் படகைப் பிணைத்திருப்பார்கள். படகோட்டி சுக்கானைச் சாய்த்ததும் நீரோட்டமே பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும். கதீட்ரலுக்குக் கீழே உள்ள துறையில் ஏறுங்கள். சில்லறைக் கட்டணம்தான், சத்தமே இல்லாத பயணம். கோடையில் ஊரே வேலை முடிந்து ஆற்றில் இறங்கி மிதந்து போகும். அதற்கென்றே 'விக்கெல்ஃபிஷ்' என்ற மீன் வடிவப் பை விற்கிறார்கள். உடை, போன், பர்ஸ் எல்லாவற்றையும் உள்ளே போட்டு வாயை ஏழு முறை சுருட்டிப் பூட்டினால் தண்ணீர் புகாது, பிடித்துக்கொண்டு மிதக்கவும் உதவும். சுருட்டு குறைந்தால் போன் நனைவது உறுதி. டிங்குவெலி அருங்காட்சியகத்துக்கு அருகே இறங்கி, வலது கரையை ஒட்டியே போக வேண்டும். நடு ஆறு சரக்குக் கப்பல்களுக்கு உரியது. பாலத் தூண்களிடமிருந்து விலகியே இருங்கள்.

பாசலிலிருந்து பெர்னுக்கு நேராகப் போகாமல் லூசெர்ன் வழியாகச் சுற்றிப் போவது நல்ல திட்டம். பாசலிலிருந்து லூசெர்ன் சுமார் ஒரு மணி நேரம், அங்கிருந்து பெர்ன் இன்னொரு மணி நேரம், இரண்டும் ஒரே நாள் டிக்கெட்டில் அடங்கும். பெட்டியை லூசெர்ன் நிலைய லாக்கரில் வைத்துவிட்டு நடக்கலாம். மரப்பாலம் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. 1993 ஆகஸ்டில் தீப்பிடித்து, கூரையடியில் இருந்த பழைய ஓவியங்களில் பெரும்பகுதி எரிந்துபோனது. கருகிய சிலவற்றை இன்றும் அங்கேயே காணலாம், நின்று மேலே பார்த்தால்தான் தெரியும். கூட்டம் எல்லாம் அங்கேயே நின்றுவிடுவதால் மூசெக் மதில் காலியாகக் கிடக்கும். குளிர்காலம் தவிர மற்ற மாதங்களில் அதன் கோபுரங்களில் இலவசமாக ஏறலாம். அங்கே உள்ள மணிக்கூண்டுக் கடிகாரம் 1535-ஐச் சேர்ந்தது. ஊரில் உள்ள மற்ற கடிகாரங்களுக்கு ஒரு நிமிடம் முன்னதாக மணி அடிக்கும் உரிமை அதற்கு உண்டு. மணி அடிக்கும் நேரத்தில் மேலே இருக்கும்படி போங்கள். நாள் டிக்கெட்டில் கப்பலும் சேர்த்தி என்பதால், மாலையில் ஏரியில் ஒரு மணி நேரம் போய் வரலாம்.

பெர்ன்தான் இந்தப் பயணத்தின் சிறந்த ஊர் என்பது என் கருத்து. 1191-இல் உருவான பழைய நகரம், 1983-இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஆரே ஆறு மூன்று பக்கமும் சுற்றி ஓடும். தெருவின் இருபுறமும் மொத்தம் ஆறு கிலோமீட்டருக்கு வளைவுக் கூரை போட்ட நடைபாதை, கொட்டும் மழையிலும் குடையில்லாமல் ஊரைப் பார்த்துவிடலாம். ஐன்ஸ்டீன் 1903 முதல் 1905 வரை குடியிருந்த வீடு கிராம்காஸ தெரு 49-ஆம் எண்ணில் இருக்கிறது, அதற்குக் கட்டணம் உண்டு. கரடிப் பூங்காவும், அதற்கு மேலே ரோஜாத் தோட்டத்திலிருந்து தெரியும் ஊர்க் காட்சியும் இலவசம்.

கோடையில் ஆரேயில் மிதப்பது பெர்னில் அன்றாட வழக்கம். ஆனால் இது ரைனைப் போல அமைதியான ஆறில்லை, நீச்சல் நன்றாகத் தெரியாதவர்கள் இறங்கவே கூடாது. மார்சிலி என்ற இலவசக் குளிப்பிடத்தில் உடை மாற்றிக்கொண்டு, கரையோரமாக ஆற்றின் மேல்பக்கம் ஐக்ஹோல்ஸ் வரை நடந்து, அங்கே இறங்க வேண்டும். தண்ணீர் பனிமலையிலிருந்து வருவது. குதித்துவிடாமல் கால், வயிறு, மார்பு என்று நனைத்துக்கொண்டு மெதுவாக இறங்கினால் மூச்சுத் திணறாது. இடது கரையை விட்டு விலகாமல் வாருங்கள். சிவப்புக் கைப்பிடி உள்ள படிகளில்தான் வெளியேற வேண்டும். படி எதிரே வந்தபின் கை நீட்டினால் ஓட்டம் தள்ளிக்கொண்டு போய்விடும், பல மீட்டர் முன்பே கரைக்கு ஒதுங்கிவிட வேண்டும். மார்சிலியின் கடைசிப் படியைத் தவறவிட்டால் கீழே தடுப்பணை இருக்கிறது. கடைசிப் படியை நம்பாமல் அதற்கு முந்தையதிலேயே ஏறிவிடுங்கள். மழைக்குப் பிறகு தண்ணீர் கலங்கி, கட்டைகள் மிதந்து வந்தால் அன்றைக்கு வேடிக்கை மட்டும் போதும்.

பெர்னில் தமிழர்கள் தவறவிடக்கூடாத இடம் ஐரோப்பாபிளாட்ஸ். 7, 8-ஆம் எண் டிராம்கள் அங்கே போகும். 2014-இல் திறந்த மதங்களின் இல்லத்தில் ஒரே கூரையின் கீழ் மசூதி, தேவாலயம், பௌத்த ஆலயம் ஆகியவற்றோடு சைவக் கோயிலும் இருக்கிறது. ஈழத்திலிருந்து வந்த நம்மவர்கள் கட்டி எழுப்பியது, தமிழிலேயே வழிபாடு நடக்கிறது. அந்தக் கட்டடத்திலேயே 'வணக்கம்' என்ற உணவகம் மதியம் இலங்கை, தென்னிந்திய முறையில் மரக்கறிச் சாப்பாடு போடுகிறது. நான்கு நாள் ரொட்டியும் சீஸும் தின்ற நாக்குக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மற்ற வேளைகளுக்குச் சாப்பாட்டுக் கணக்கு இப்படி. மதியம் உணவகங்களில் 'டாகஸ்மெனு' என்ற அன்றைய சாப்பாடு 20 ஃபிராங்க் வாக்கில் இருக்கும். அதே சமையலறை இரவில் ஒன்றரை மடங்கு விலை சொல்லும். பொதுவாகப் பதினொன்றரையிலிருந்து ஒன்றரை வரைதான் மதியச் சாப்பாடு. இரண்டு மணிக்குப் பசியோடு போனால் சமையலறை மூடியிருக்கும், ஆறு மணி வரை காப்பிதான் கிடைக்கும். மனோர் பல்பொருள் அங்காடியின் மேல்மாடியில் மனோரா என்ற உணவகம் உண்டு. அங்கே சாலட், காய்கறி வகைகளுக்குத் தட்டின் அளவை வைத்துத்தான் விலை, எடைக்கு இல்லை. சின்னத் தட்டை எடுத்து, கனமானவற்றை அடியிலும் இலைகளை மேலேயும் அடுக்கினால் ஒரு ஆளுக்குப் போதும். சூரிக்கில் 1898-இலிருந்து நடக்கும் ஹில்ட்ல் சைவ உணவகம் இதற்கு நேர்மாறு, அங்கே பஃபே எடைக்கு. சோறும் உருளைக்கிழங்கும் அள்ளினால் விலை எகிறும். வேறெங்கும் கிடைக்காத வகைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதே அங்கே புத்திசாலித்தனம்.

காலையும் இரவும் சூப்பர் மார்க்கெட்தான். மிக்ரோஸில் எம்-பட்ஜெட், கோப்பில் பிரி கராண்டி என்ற மலிவு வரிசைகளைத் தேடுங்கள். கடை மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போனால் அன்றைய சாண்ட்விச், சாலட், பேக்கரி வகைகளில் 25 அல்லது 50 சதவீதத் தள்ளுபடி ஒட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஊரில் பெரும்பாலான கடைகள் அடைப்பு, பெரிய ரயில் நிலையங்களில் உள்ளவை மட்டும் திறந்திருக்கும். சனிக்கிழமை மாலை வாங்கி வைப்பதை மறக்க வேண்டாம். தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம். தெரு ஊற்றுகளில் குடிக்கக்கூடாதது என்றால் அறிவிப்பு எழுதியிருக்கும், இல்லாதவை எல்லாம் குடிநீர்தான்.

இறைச்சி விஷயத்தில் பலர் ஏமாறுவது இங்கேதான்: 'கால்ப்ஸ்பிராட்வுர்ஸ்ட்' கன்றிறைச்சி சாசேஜ் என்று எழுதியிருந்தாலும் அதில் பன்றியிறைச்சியும் கலந்திருக்கும். செயின்ட் காலன் ஊரின் புகழ்பெற்ற சாசேஜும் அப்படியே. செர்வெலா சாசேஜிலும் பன்றி உண்டு. ரோஸ்டி என்ற உருளைக்கிழங்கு அடையும், ஆல்ப்ளர்மக்ரோனன் என்ற மக்ரோனியும் பார்க்கச் சைவம் போலத் தெரியும், உள்ளே 'ஸ்பெக்' எனும் பன்றிக் கொழுப்புத் துண்டுகள் கிடக்கும். 'ஓனெ ஸ்பெக்' என்று கேட்டால் இல்லாமல் செய்து தருவார்கள். கண்டிப்பான சைவர்களுக்கு இன்னொன்று: க்ரூயேர் போன்ற மரபுச் சீஸ்களைக் கன்றின் வயிற்று நொதியால்தான் உறைய வைக்கிறார்கள். சூப்பர் மார்க்கெட்டில் மஞ்சள் வி-லேபிள் ஒட்டிய சீஸ் வாங்கினால் அந்தக் கவலை இல்லை.

இனி ஃபோண்ட்யூ, அதாவது உருக்கிய சீஸில் ரொட்டித் துண்டுகளை முக்கிச் சாப்பிடும் உணவு. உட்கார்ந்து சாப்பிட ஒரே ஒரு இரவுச் செலவு செய்வதானால் இதற்குச் செய்யலாம். அந்தச் செலவுக்கு ஏற்ற ஊர் ஃப்ரிபோர். பெர்னிலிருந்து லோசான் போகும் வழியில் சுமார் 20 நிமிடத்தில் வரும், நாள் டிக்கெட்டில் இடையில் இறங்கிக்கொள்ளலாம். எல்லா ஊரிலும் கிடைக்கும் 'முவாத்தியே-முவாத்தியே' ஃபோண்ட்யூவில் பாதி க்ரூயேர், பாதி வாஷ்ரான். அதோடு வெள்ளை ஒயினும் கடைசியில் கிர்ஷ் என்ற செர்ரிச் சாராயமும் சேரும். கொதித்தால் சாராயம் ஆவியாகிவிடும் என்று சொல்வதை நம்ப வேண்டாம், கிர்ஷை இறக்கும் நேரத்தில்தான் ஊற்றுகிறார்கள். ஃப்ரிபோரின் சொந்த வகையில் வாஷ்ரான் சீஸ் மட்டும்தான், ஒயினுக்குப் பதில் கொஞ்சம் தண்ணீர். இளஞ்சூட்டிலேயே கூழ் போல உருகிவிடும், கொதிக்க விடுவதே இல்லை. ரொட்டியோடு அவித்த உருளைக்கிழங்கையும் முக்கிச் சாப்பிடுவார்கள். மது தொடாதவர்களுக்கு இதைவிட நல்ல சுவிஸ் சாப்பாடு இல்லை. கேட்கும்போதே கிர்ஷ் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பல உணவகங்களில் குறைந்தது இரண்டு பேருக்குத்தான் தருவார்கள், தனியாகப் போகிறவர்கள் முன்பே விசாரிக்க வேண்டும்.

ஹாஸ்டல் சமையலறையில் நாலு பேர் சேர்ந்து செய்தால் செலவு மூன்றில் ஒரு பங்குதான். ஆளுக்கு 200 கிராம் சீஸ், 200 கிராம் ரொட்டி கணக்கு. பாதிக்குப் பாதி வகைக்கு 800 கிராம் சீஸுக்கு மூன்றரை டெசிலிட்டர் ஒயின், மூன்று டீஸ்பூன் சோளமாவு, ஒரு பல் பூண்டு. பூண்டைப் பாத்திரத்தில் தேய்த்து, மாவை ஒயினில் கரைத்துச் சூடாக்கி, துருவிய சீஸைப் பிடிப் பிடியாகப் போட்டு எட்டு வடிவில் கிளற வேண்டும். ஹாஸ்டலின் மெல்லிய பாத்திரமும் முழுத் தீயும் சேர்ந்தால் புரதம் சுருங்கிக் கட்டியாகி, எண்ணெய் தனியே மிதக்கும். உடனே இறக்கி, ஒரு டீஸ்பூன் சோளமாவை எலுமிச்சைச் சாற்றில் கரைத்து ஊற்றி அடித்தால் அநேகமாகச் சேர்ந்துவிடும், புளிப்புதான் சீஸ் கட்டிப்படாமல் பிடித்து வைக்கிறது. ரொட்டி முந்தைய நாளுடையதாக, ஒவ்வொரு துண்டிலும் மேலோடு இருக்கும்படி வெட்ட வேண்டும். புது ரொட்டி கம்பியிலிருந்து நழுவி உள்ளே விழும். முக்கும் ஒவ்வொரு முறையும் அடி வரை கிளறுங்கள். கடைசியில் அடியில் பிடித்திருக்கும் பொன்னிறப் பொருக்கைச் சுரண்டி எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், அதுதான் ருசி.

ஃப்ரிபோரில் கீழ் ஊருக்கு இறங்கும் இழுவை ரயிலையும் பாருங்கள். 1899-இலிருந்து ஓடுகிறது, மின்சாரம் கிடையாது. மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் ஊரின் கழிவுநீரை நிரப்புவார்கள், அந்த எடையில் அது இறங்கும்போது கீழ்ப்பெட்டி மேலே ஏறும். லேசாக நாற்றம் வரும். அங்கிருந்து லோசானுக்கு ரயிலில் இடது பக்க ஜன்னல் பிடியுங்கள். சுரங்கத்திலிருந்து வெளியே வந்ததும் லவோ திராட்சைத் தோட்டப் படிகளும் கீழே முழு ஏரியும் ஒரே நொடியில் விரியும். வலது பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு மலைச்சரிவு மட்டும்தான்.

லோசானில் எல்லாமே ஏற்றம். கால் நோகாமல் எம்2 மெட்ரோவில் மேலே ஏறி, நடந்து கீழே வாருங்கள். இரவு 10 மணியிலிருந்து 2 மணி வரை கதீட்ரல் கோபுரத்திலிருந்து ஒரு காவலர் மணிக்கொரு முறை நேரத்தைக் கூவி அறிவிப்பார், 1405-இலிருந்து தொடரும் வழக்கம்.

ஜெனிவாவில் ஏரி நீரூற்று 140 மீட்டர் உயரம், நொடிக்கு 500 லிட்டர். பலமான காற்றிலும் கடும் குளிரிலும் நிறுத்திவிடுவார்கள், அதனால் காற்றில்லாத நாளில் பாருங்கள். ஏரியைக் கடக்கும் மஞ்சள் 'மூவெத்' படகுகளில் விருந்தினர் அட்டை செல்லும். 'பாக்கி' என்ற ஏரிக்கரைக் குளிப்பிடத்தின் கடையில் குளிர்காலத்தில் கிடைக்கும் ஃபோண்ட்யூ ஊருக்கே பிரசித்தம், அதில் நுரை ஒயின் உண்டு. செர்ன் அணுத்துகள் ஆய்வுக்கூடத்துக்கு 18-ஆம் எண் டிராமில் கடைசி நிறுத்தம். 2023-இல் திறந்த சயின்ஸ் கேட்வே கண்காட்சிக்கு நுழைவு இலவசம், திங்கள் விடுமுறை. வழிகாட்டியோடு உள்ளே போக அன்றே அங்கே பதிவு செய்ய வேண்டும், காலையில் முதலில் வருகிறவர்களுக்கே இடம். மதியம் போனால் கண்காட்சி மட்டும்தான். ஐ.நா. மாளிகைக்குள் போக பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும்.

ஜெனிவாவிலிருந்து சூரிக் இரண்டே முக்கால் மணி நேரம், இதற்குத்தான் முன்கூட்டி வாங்கும் ஸ்பார்பில்லெட். சூரிக்கில் பான்ஹோஃப் தெருக் கடைகளில் நேரத்தைச் செலவிட வேண்டாம். கிராஸ்முன்ஸ்டர் தேவாலயத்துக்கு நுழைவு இலவசம். அங்கே ஜெர்மன் ஓவியர் சிக்மார் போல்க்கே 2009-இல் முடித்த ஜன்னல்கள் இருக்கின்றன. ஏழு ஜன்னல்களில் கண்ணாடி ஓவியத்துக்குப் பதில் அகேட் கல்லை மெல்லிய வில்லைகளாக அறுத்துப் பதித்திருக்கிறார். வெயில் படும்போது கல்லின் வளையங்களில் செம்பழுப்பும் நீலமும் பற்றி எரிவது போல இருக்கும். கோபுரம் ஏற 187 படி, அதற்குத் தனிக் கட்டணம். சென்ட்ரல் நிறுத்தத்திலிருந்து 1889-ஐச் சேர்ந்த பாலிபான் இழுவை ரயிலில் மேலே போனால் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தின் முற்றம், ஊர் முழுதும் கீழே தெரியும். அங்கே உள்ள மாணவர் உணவகத்தில் வெளியாரும் சாப்பிடலாம், விலைப் பலகையில் வெளியாருக்கென்று தனி விலை இருக்கும். அதுவும் கீழே ஊருக்குள் உள்ள உணவகங்களைவிடக் குறைவுதான்.

ஊட்லிபெர்க் மலைக்குப் போகும் எஸ்10 ரயில், சூரிக் முதன்மை நிலையத்தின் 21, 22-ஆம் பிளாட்பாரங்களிலிருந்து கிளம்பும். அவை தரைக்கடியில் இருக்கின்றன, மேலே இறங்கியவர்கள் நடந்து சேரப் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். விமானம் பிடிக்க வேண்டியவர்கள் கவனிக்க: நகரம் 110-ஆம் டிக்கெட் மண்டலம், விமான நிலையம் 121. நகரத்துக்குள் சுற்ற வாங்கிய 110 டிக்கெட்டோடு விமான நிலைய ரயிலில் ஏறினால் அபராதம். டிக்கெட் இயந்திரத்தில் விமான நிலையத்தின் பெயரையே தேர்ந்தெடுத்து வாங்கினால் சரியான மண்டலம் தானாக வந்துவிடும்.